ஒரே மை

ஸ்வகோப்முண்டில் காலை மூடுபனி
பதினோரு மணிக்குத்தான் எழுந்து போகும்.
அதுவரை விமானம் ஏறாது.
அதுவரை ஹேங்கர் என்னுடையது.

டெட்லெஃப் தன் பாராசூட் பையை
என் மேசையில் இறக்கினான்.
வால்விஸ் பேயில் சீல்களைக் காட்டப்
படகு ஓட்டுகிறவன்.
"முத்திரை மட்டும் போடு, அவுனே.
மற்றதெல்லாம் நானே பார்த்தாயிற்று."

பராமரிப்பு அட்டையைத் திறந்தேன்.
ஜனவரி முதல் ஜூன் வரை
ஆறு கையெழுத்து.
ஆறும் ஒரே நீல மை, ஒரே சாய்வு.
ஜூனில் மட்டும்
பேனா கொஞ்சம் களைத்திருந்தது.

ஒன்றும் சொல்லாமல் அட்டையை மூடினேன்.

இவ்வளவுதான் விஷயம்:
பெரிய வளையத்துக்குள் நடு வளையம்,
நடுவுக்குள் சின்னது,
சின்னதைப் பிடித்திருப்பது ஒரு வெள்ளைக் கண்ணி,
கண்ணியைப் பிடித்திருப்பது
மஞ்சள் உறை போட்ட ஒரு கம்பி.
மேலே ஆளின் முழு எடையும் இறங்கும்;
மேலிடத்து மானியம் போல
கை மாறக் கை மாறக் கரைந்து
கம்பிக்கு வந்து சேரும்போது
ஒரு பை வெங்காயம்கூடத் தேறாது.
கரைவதற்கென்றே போட்ட கணக்குகளில்
நேர்மையானது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

குடை முறுக்கிக் கொண்டால்
வலப்பக்கக் கைப்பிடியை இழுக்க வேண்டும்.
கம்பி உருவும், கண்ணி விடும்,
வளையங்கள் ஒன்றையொன்று விடும்,
கெட்ட குடை தன் வழியே போகும்.
அப்புறம்தான் மாற்றுக்குடைக்கு
வானத்தில் இடம்.

"மாட்டிக்கொள்" என்றேன்.
"நேரமாகிறது" என்றான்.
"பனி இருக்கிறது" என்றேன்.

உத்தரத்தில் தொங்கவிட்டேன்.
கால் தரையிலிருந்து ஒரு சாண்.
"இழு."

வலது தோள் அவிழ்ந்தது.
கைப்பிடி பாதியில் நின்றது.
இடது விடவில்லை.

ஒற்றைக் கிளிப்பில் காயும் சட்டையாய்ச்
சாய்ந்து தொங்கினான்.
முதலில் சிரித்தான்.
பிறகு இரண்டு கையாலும் இழுத்தான்.
நான் வாய்விட்டு எண்ணினேன்.
எட்டில் அவிழ்ந்து
முழங்காலில் விழுந்தான்.

ஒரு சாண் உயரத்தில்
எட்டு நொடி பெரிதில்லை.

கம்பியை வெள்ளைத் துணியில் உருவினேன்.
கறுப்பாய் ஒரு கோடு வந்தது,
விரலில் நெருடியது: மணலும் உப்பும்.
பாலைவனமும் கடலும் மோதுவது
ஊருக்கு வெளியே என்றிருந்தேன்.
சுண்டுவிரல் நுழையாத ஒரு குழாய்க்குள்
மோதிக்கொண்டிருந்தன.

அவன் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.
"படகு இன்ஜினை நான் தினமும் பார்ப்பேன், தெரியுமா."
"அது நின்றாலும் மிதக்கும்" என்றேன்.

சிலிகான் இரண்டு சொட்டு,
துடைப்பு, மறுபடி துடைப்பு.
குழாயில் நசுங்கல் உண்டா என்று
நகத்தால் தடவிக்கொண்டே போனேன்.
மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்து
விறைத்துப்போன பட்டையை
முன்னும் பின்னும் வளைத்து
வளையவே மறந்ததை வளைய வைத்தேன்.
இடது கண்ணியில் இழை பிரிந்திருந்தது.
அதற்கு மட்டும் அரைமணி போயிற்று.

திரும்பக் கோத்தபோது
அவனையே சத்தமாகச் சொல்லச் சொன்னேன்:
நடு, பெரியதற்குள் மட்டும்.
சின்னது, நடுவுக்குள் மட்டும்.
கண்ணி, சின்னதை மட்டும்.
குரல் பிரார்த்தனை மாதிரி இருந்தது;
நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

பேனா கேட்டான். கறுப்பு கொடுத்தேன்.
ஆறு கையெழுத்தையும் ஒவ்வொன்றாய் அடித்தான்.
ஒரே கோட்டில் அடித்திருக்கலாம்.
கீழே ஜூலை மாதத் தேதி, தன் பெயர்.

மூன்றாவது ஏற்றத்தில் போனான்.
குடை சதுரமாய் விரிந்ததாம்;
கைப்பிடி அதன் உறையிலேயே இருந்ததாம்.
நான் பார்க்கவில்லை.
அடுத்த பை மேசைக்கு வந்திருந்தது.

அதன் அட்டையில் ஏழு கையெழுத்து,
ஏழு மை,
ஒன்றில் காப்பிக் கறைகூட.

அதையும் உத்தரத்தில் மாட்டினேன்.