ஒரு பத்திக்கு எத்தனை ஸ்டேஷன்

கல்லூரி திறக்க நாற்பத்தொரு நாள்.
கையில் இருப்பது
சீனியர் ஒருத்தி எடைக்குப் போடாமல்
நூற்றிருபது ரூபாய்க்கு எனக்கு விற்ற ஜெராக்ஸ் கட்டு.
முதல் பத்துப் பக்கம் மஞ்சள் கோடு.
அப்புறம் வெள்ளை.
அவளும் அங்கேதான் களைத்திருக்கிறாள்.

தாராவி மாநகராட்சிப் பள்ளியில்
பத்தாவது வரை தமிழ்.
கேள்விக்குப் பதில் எதுவென்று
பென்சிலால் அடைத்துத் தருவார்கள்:
இங்கிருந்து, இதுவரை.
எனக்குத் தெரிந்த வாசிப்பு அவ்வளவுதான்.
பதினொன்றையும் பன்னிரண்டையும்
கைடு கரையேற்றியது.
இனிமேல் வாரத்துக்கு நூறு பக்கமாம்.
பென்சிலை நம் கையிலேயே கொடுத்துவிடுவார்களாம்.

மஸ்ஜித் பந்தரில் பில் எழுதும் வேலை, காலை ஒன்பதரைக்கு.
லேடீஸ் பெட்டியில் கம்பியைப் பிடித்தபடி
முதல் நாள் ஒரு பத்தி தொடங்கினேன்.
சயானில் ஏறிய வாக்கியம்
தாதர் வந்தும் முடியவில்லை.
'நெவர்தெலெஸ்' என்ற சொல்லில் நின்றிருந்தேன்,
கூட்டம் ஏறியது.
எனினும் என்று பொருள்.
எனினும் யாரோ காலை மிதித்தார்கள்.
பத்தி முடிந்தபோது சிஞ்ச்போக்லி.

முதல் வாரம் எல்லாச் சொல்லுக்கும் அகராதி.
வரிக்கு மேல் வரியாகத் தமிழ் எறும்புகள்.
பதினோரு சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தது,
வாக்கியம் மறந்துபோனது.
பிறகு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்:
பக்கத்துக்கு மூன்று சொல்தான் கேட்பது.
மற்றவை நிற்கட்டும்.
இந்தப் பெட்டியில் எனக்கு யாரைத் தெரியும்?
இறங்கும் இடம் மட்டும் தெரிந்து
தினமும் போய்வரவில்லையா?

ராத்திரி, மாளாவில் குனிந்து உட்கார்ந்து
கட்டை மூடிவைத்துவிட்டு
படித்ததை ஐந்து வரியில் எழுத வேண்டும்.
பழைய பில் புத்தகத்தின் பின்பக்கம்.
முதல் ராத்திரி வந்தது இவ்வளவு:
"ஆசிரியர் பலவற்றைக் கூறுகிறார்."
மறுநாள் அதைப் பார்க்க எனக்கே சிரிப்பு.
எதை, என்று கீழே எழுதிவைத்தேன்.

அத்தியாயத்தின் கடைசியில் ஒரு கேள்வி:
இதன் ஆர்க்யூமென்ட் எங்கே இருக்கிறது?
எங்கள் சந்தில் என்றால்
கண்ணை மூடிக்கொண்டே காட்டிவிடுவேன்.
இங்கே எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள்.
'சிலர் கருதுவதுபோல' என்றால் அடி விழப்போகிறது,
அதைக் கண்டுபிடிக்கவே பன்னிரண்டு நாள்.

'மைக்ரன்ட்' என்று நாற்பது இடத்தில் வருகிறது.
இருபத்தேழாம் பக்கத்தில்தான் உறைத்தது,
அது அப்பா.
இவர்கள் என்றைக்காவது திரும்பிப்போகும் எண்ணத்தோடே
நகரத்தில் வாழ்கிறார்கள், என்கிறது பக்கம்.
பைக்குல்லாவில் வண்டி நின்றிருந்தது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
இல்லை.

எழுதிய பிறகுதான் பயம்.
அச்சடித்த வரிக்குப் பக்கத்தில்
என் கோணல் எழுத்து.
ஏன் இல்லை?
ஊர் வீட்டில் தன் பங்கை விற்றுத்தான்
அப்பா இந்த மாளாவுக்குத் தகரம் போட்டார்.
பத்திரத்தில் கையெழுத்திட்ட அன்று
எல்லோருக்கும் பிரியாணி வாங்கிவந்தார்.
அழவில்லை.
இது ஆதாரமா, வெறும் வீட்டுக் கதையா?
ஒருவரை வைத்து எல்லோரையும் சொல்லலாமா?
அவர் மட்டும் எத்தனை பேரை வைத்துச் சொன்னார்?
அடிக்குறிப்பைத் தேடினேன்,
ஜெராக்ஸில் அடி வெட்டுப்பட்டிருந்தது.

நிமிர்ந்தால் சி.எஸ்.டி.
மஸ்ஜித் எப்போது போனது?
முதலாளி கடிகாரத்தைக் காட்டினார்.
சொல்வதற்குக் காரணம் இருந்தது,
இந்தியில் அது காரணமாக இல்லை.

அன்றிரவு அரைப் பக்கம்.
தமிழில் ஓடியது,
ஆங்கிலத்தில் நொண்டியது.
எனக்குத் தெரிந்து நான்கு பிழை,
தெரியாமல் எத்தனையோ.
'நெவர்தெலெஸ்' ஒரு இடத்தில் போட்டேன்,
பொருந்தியது.

இன்னும் பத்தொன்பது நாள்.
இருபத்தெட்டாம் பக்கம்.
இங்கிருந்து