இருவரில் எவரேனும்

மூன்றாவது முறை போனது ஒரு வெள்ளிக்கிழமை.
முதல்முறை, கம்பெனிக் கடிதம் எங்கே என்றார்கள்.
இரண்டாம் முறை கடிதம் இருந்தது,
அதில் நான் 'திரு'வாக இருந்தேன்.
அந்த ஒற்றைச் சொல்லை எடுக்க
மனிதவளத் துறைக்கு ஒன்பது நாள் பிடித்தது.

அதுவரை என் சம்பளம்
மெர்சியின் கணக்கில் குடியிருந்தது.
மெர்சி நல்லவள். மார்த்தாண்டத்துக்காரி.
சிப் சோதிக்கும் அதே ஆலை, அதே அறை, அடுத்த கட்டில்.
கேட்ட அன்றே எடுத்துத் தருவாள்.
எவ்வளவு என்பதோடு
எதுக்கு என்பதையும் கேட்பாள், அவ்வளவுதான்.
செருப்பு அறுந்துபோச்சு.
பஸ் அட்டைக்கு.
நாப்கினுக்கு.
ஒருநாள் காரணம் எதுவும் இல்லாமல்
பத்து வெள்ளி வேண்டியிருந்தது.
கேட்கவில்லை.

வாசலில் நேபாளத்துக் காவல்காரப் பையன்,
சட்டையில் டேக் பகதூர் என்று தைத்திருந்தது,
வரிசை எண்ணைக் கிழித்துத் தந்தான்.
என் கையிலிருந்த பளபளத் தாளைப் பார்த்துத்
தலையை ஆட்டினான்.
அதில் ஐந்நூறு வெள்ளி எப்போதும் கிடக்கணுமாம்.
குறைந்தால் மாதாமாதம் வெட்டாம்.
"பேசிக் என்று கேள், காக்.
கேட்டால் இருக்கும். கேட்காவிட்டால் இல்லை."
அவனுடைய உடைந்த மலாய்
என்னுடைய இன்னும் உடைந்த மலாய்க்கு
நன்றாகவே புரிந்தது.

தொழுகை நேரம். பாதிக் கவுன்ட்டர்கள் காலி.
மூன்றாவதில் ஸூரைனி, இளநீல முக்காடு,
விசைப்பலகைக்குப் பின்னால் பாதி தின்ற கறிபாப்.
பேசிக் என்றேன்.
நிமிர்ந்து பார்த்தாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை.
இழுப்பறையின் அடியிலிருந்து
வேறொரு படிவம் வந்தது.

கடைசிப் பெயர்?
பாஸ்போர்ட்டில் அந்த இடம் வெறுமை.
இசக்கியம்மாள் சுடலைமுத்து, எல்லாம் ஒரே வரி.
"இதில் நீங்கள் எது?"
முன்னது நான், பின்னது அப்பா.
"ஓ, அனாக் பெரெம்புவான்" என்று
இங்கே பிறந்த தமிழ்ப்பெண்களின் பெயர் நடுவே நிற்கும்
அந்தச் சாய்ந்த கோட்டைத் தேடினாள்.
நான் இங்கே பிறக்கவில்லை. கோடு எனக்குக் கிடையாது.
காலியாக விட்டாள், பெட்டி சிவந்தது.
நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
அப்பாவை உள்ளே தட்டினாள்.
பெட்டி பச்சையாகிவிட்டது.

கோவில்பட்டியில் என் முதல் கணக்கைத் திறந்தபோது
'இருவரில் எவரேனும்' எடுக்கலாம் என்று எழுதியிருந்தது.
ஆறு வருஷம்.
எவரேனும் என்றால் அப்பா.

கணக்கு திறக்கும் நோக்கம் என்று ஒரு கட்டம்.
எதுக்கு என்பதன் மலாய் அதுதான்.
வாய்க்குள் பதிலை உருட்டிக்கொண்டிருந்தேன்,
அவள் என்னைக் கேட்காமலே
சம்பளம் என்று குறித்துவிட்டு நகர்ந்தாள்.

கையெழுத்து, தமிழில்தான்.
மூன்று தடவை போடச் சொன்னாள்.
மூன்றிலும் 'இ'யின் சுழி மூன்று விதம்.
"இன்னொன்று போடுங்கள், நல்லதாக" என்றாள்,
பள்ளிக்கூடத்தில்கூட யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஐம்பது வெள்ளி நீட்டினேன்.
எட்டு, அட்டைக்கு.
இருபது, கணக்குக்குள்.
மூடும் நாள்வரை அந்த இருபதைத் தொட முடியாது என்றாள்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.
யாராலுமா என்றேன்.
யாராலும்.
இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாம் போலிருந்தது.

பஸ் நிறுத்தத்தில் போன் அதிர்ந்தது.
அன்புள்ள சுடலைமுத்து, உங்கள் கணக்கு தயார்.
சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல.
பக்கத்தில் டுரியான் பையோடு நின்றவர்
கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

பயான் லெப்பாஸ் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது அரைமணி கழித்து.
எதிர்ச்சாரியில் ஜாதிக்காய்ச் சாறு விற்றார்கள்.
தாகமில்லை.
சாலையைக் கடந்துபோய்
பெரிய தம்ளராக ஒன்று கேட்டேன்.
சும்மா.