அட்டைக் காசோலை

கை தட்ட ஒரு நாளைக்கு அறுபது வெள்ளி,
நாசி லெமாக் ஒரு பொட்டலம்.
மூன்றாம் வரிசைக்குப் பின்னால் என்றால் ஐம்பதுதான்,
அங்கே கேமரா வராது.

செராஸ் ஸ்டுடியோவின் குளிரில்
என் பக்கத்து நாற்காலியில் சன்னாசி அண்ணன்.
செந்தூல் பிளாட்டில் எங்கள் மாடிக்காரர்.
இருபத்தேழு வருஷம் மாநகர மன்றக் குப்பை லோரி.
தீபாவளிக்குக்கூட பீர் டின்னைத் தொடாதவர்,
வாடையே ஆகாது, குமட்டும்.

மேடையில் அவர் மகன் யுகேந்திரன்
விளக்குக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு
"எங்கப்பா குடிகாரர்" என்றான்.
"சம்பளத்தன்னிக்கு அம்மாவ அடிப்பாரு.
பசியோடதான் பாடிப் பழகினேன்."

கேமரா எங்கள் பக்கம் திரும்பியது.
அண்ணன் தலை குனிந்தார்,
சொல்லி வைத்த மாதிரி.
சொல்லித்தான் வைத்திருந்தார்கள்.

போதவில்லை.
ஹெட்போன் மாட்டிய பெண் ஓடி வந்து
"கொஞ்சம் மெதுவா குனியுங்கப்பா,
கண்ணாடியக் கழட்டிருங்க" என்றாள்.
இரண்டாம் தடவை நடுவர் ஒருவர் அழுதார்.
எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.
நானும் தட்டினேன். அறுபது வெள்ளி.

முன்பெல்லாம்
கடன்காரன் கேட்டை ஆட்டினால்
டிவி சத்தத்தைக் குறைப்போம்,
குழந்தையின் வாயைப் பொத்துவோம்.
தண்ணீர் வெட்டும் நோட்டீசை
அரிசி டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்தாள் அம்மா,
எனக்கே தெரியாமல்.
இப்போது விண்ணப்பத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கோடு போட்டு
'உங்கள் கஷ்டங்களை எழுதவும்.'
யுகேந்திரனிடம் இருந்த கஷ்டம்
பாதிப் பக்கத்துக்குத்தான் வந்ததாம்.

இருபதாயிரம். இரண்டாம் பரிசு.
காசோலை ஆள் உயர அட்டை,
பிளாட் லிஃப்டுக்குள் நுழையவில்லை.
அப்பாவும் மகனும் ஆளுக்கொரு முனை பிடித்துப் படியேறினார்கள்,
பின்னால் நான், மிச்சப் பொட்டலங்களோடு.
ஆறாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது
"கோவமாப்பா?" என்றான் பையன்.
அண்ணன் அட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு
"ரெண்டாவது தடவ சரியா குனிஞ்சனா?" என்றார்.

பதினொன்றாம் மாடியில் எல்லாக் கதவும் திறந்திருந்தது.
கூட்டு பிடிக்கும் ராஜாமணி
நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள்.
எதிர் வீட்டுச் சுகந்தா
மகளை முன்னால் தள்ளி
"அடுத்த வருஷம் இவ ஆடப்போறா" என்றாள்.
பிறகு திரும்பி
வாசலில் நின்ற புருஷனை
மேலும் கீழும் பார்த்தாள்,
சட்டைக்கு அளவெடுப்பதுபோல.

நல்ல மனுஷன்.
ஒரு கெட்ட பழக்கம்கூடக் கிடையாது,
பாவம்.