பதினொன்றுக்கு ஒரு கோடு குறைவு

பரந்தன் சந்தியில் குணாளனின் கடை.
கொழும்பில் பிரித்த ஜப்பான் கொள்கலனில்
எஞ்சியது இங்கே வந்து சேரும்:
சோறு அவிக்கும் பானை, தையல் மெசின்,
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த சைக்கிள்கள்.

"அக்காவுக்குக் கூடை வைச்சது இருக்கு."
"கூடை வேண்டாம். கடாக்கொம்புக் காண்டில்."
"மகனுக்கோ?"
"எனக்கு."
என் வயசைக் கண்ணால் கூட்டிப் பார்த்தான்.
நாற்பத்து நான்கு. சரியாகத்தான் வந்திருக்கும்.

முந்திய இரவு
சுவரில் குதிகால் ஒட்டி நின்று
கவட்டுக்குள் கிளினிக் கொப்பியைச் செருகி
அதன் முதுகு தொட்ட இடத்தில் பென்சிலால் கீறினேன்.
எழுபத்து மூன்று சென்ரிமீற்றர்.
கண்டாவளையில் எத்தனை பிள்ளைகளைப்
பலகையில் கிடத்தி நீளம் எழுதியவள்.
என்னை அளக்க இத்தனை நாள் எடுத்தது.

சிவப்பு ஒன்று நின்றது,
கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி.
தாண்டி நின்றேன்.
மேற்குழாய் மரியாதை தெரியாத இடத்தில் முட்டியது.
வடிவான சைக்கிள்.
வளர்ந்த யாரோ ஒருவனுடையது.

அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் இது.
குழாயில் பெருவிரல் பதிந்ததுபோல் ஒரு நெளிவு,
எவராலும் வாசிக்க முடியாத எழுத்தில் ஒரு ஸ்ரிக்கர்.
தாண்டி நின்றேன்.
இரண்டு பாதமும் நிலத்தில்.

ரயர் வெடித்திருந்தது, வத்தின குளத்துச் சேறாட்டம்.
மூவாயிரம் குறையும் என்று மனசுக்குள் எழுதினேன்.
இருக்கைக் கம்பை இழுத்தேன், வந்தது.
முன்சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு
பிறேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே
வெளிச்சம் ஆடுதா என்று பார்த்தேன்.
ஆடவில்லை. கொஞ்சம் ஆடியது.
பிறகு, வயிற்றில் குழல் வைத்துக் கேட்கிற பழக்கத்தில்
சில்லின் நடுவில் காதை வைத்தேன்.
உள்ளே குண்டுகள் கரகரப்பின்றி உருண்டன.
அந்தச் சொல்லை இப்படியும் பாவிக்கலாம்.

ஸ்கூட்டிப் பெட்டிக்குள் தராசு இருந்தது,
பிள்ளைகளைத் தொங்கவிட்டு நிறுப்பது.
கடைத் தீராந்தியில் கொளுவினேன்.
குணாளன் சிரித்தான், பிறகு தூக்க உதவினான்.
முள் ஆடி நின்றது:
பதினொன்றுக்கு ஒரு கோடு குறைவு.
ஒன்றரை வயசுப் பிள்ளை, அட்டையில் பச்சைக்குள்.
"தாய்ப்பால் நல்லாக் குடிச்சிருக்கு," என்றேன்.
அவன் வேறு பக்கம் பார்த்தான்.

முல்லைத்தீவு றோட்டால் கிழக்கே விட்டேன்.
முதல் நூறு யார் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வளைவு.
பிறகு வயலுகள் ஓடத் தொடங்கின.
மாடு, மதகு, மயில்,
ஹோர்ன் அடித்தபடி ஒரு லாண்ட்மாஸ்ரர், முந்திவிட்டேன்!
முரசுமோட்டை வந்ததே தெரியவில்லை.
என் கால்களை நானே மெச்சிக்கொண்டு
திரும்பினேன்.

அப்போதுதான் சோளகம் முகத்தில் அறைந்தது.

இவ்வளவு நேரமும் மிதித்தது அதுதான்.
சீலை முந்தானை இல்லாத குறைக்கு
சட்டை பாய்மரமாய்ப் பொம்மியது.
லாண்ட்மாஸ்ரர்க்காரன் என்னைக் கடந்தான்.
சிரிக்கவில்லை, அதுதான் கூடச் சுட்டது.
கியர்க் காது கீழ்க்குழாயில்.
குனிந்து, ஒரு கையை விட்டு,
எந்தப் பக்கமென்று தெரியாமல் தள்ளினேன்.
செயின் இருமி, தடுமாறி,
ஒரு பல்லில் போய் இருந்தது.
கால் இலேசானது. காற்று இல்லை.
அந்த வேகத்தில் ஒவ்வொரு நெல்லையும் எண்ணலாம்.
எண்ணினேன் என்றே வையுங்கள்.

"எப்படி அக்கா?"
"போகேக்க பொய் சொல்லுது.
வரேக்க உண்மை சொல்லுது."
ஐம்பத்தைந்து என்றான். நாற்பது என்றேன்.
ரயரைக் காட்டினேன், நெளிவைக் காட்டினேன்,
நெளிவு எனக்குப் பிடித்ததைக் காட்டவில்லை.
நாற்பத்தாறு. பம்ப் சும்மா.

காசை எண்ணிக் கொடுத்த பிறகுதான் பார்த்தேன்:
ஸ்கூட்டி ஒன்று, சைக்கிள் ஒன்று,
நான் ஒருத்தி.
"ஸ்கூட்டி நிக்கட்டும், காலமை எடுக்கிறன்."
வீடு கரடிப்போக்கில்.
தெற்கே.
காற்றும் அங்கேயிருந்துதான்.