வெள்ளைப் பனி

மூன்று நாளாகப் பனி வெள்ளையாகவே இருக்கிறது,
கொட்டிலுக்குப் பின்னால்,
காலையில் அவன் போய் நிற்கும் இடத்தில்.

அதற்கு முன் இருபது நாள்
அங்கே ஆரஞ்சு பிழிந்தாற்போல் ஒரு கறை.
சிவப்பு மாத்திரை அப்படித்தான் செய்யும், பயப்படாதீர்கள்,
மூத்திரம் வியர்வை கண்ணீர் எல்லாம் நிறம் மாறும் என்று
டாக்டர் நரன்துயா முதல் நாளே சொல்லியிருந்தாள்.
"கண்ணீரா?" என்று சிரித்தான் பூரெவ்.
"அது என்னிடம் இல்லாத சரக்கு."

ஆடுகள் ஈனும் மாதம்.
வெறுங்கையால் இழுத்துப் போட்ட குட்டிகளில்
ஐந்து செத்தே பிறந்தன.
பிறகுதான் அவனுக்குக் காய்ச்சல்:
மாலையில் ஏறும், விடியலில் இறங்கும்,
போர்வையைப் பிழிந்தால் ஒரு கிண்ணம் தேறும்.
இடுப்பைப் பிடித்தபடி
சேணத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், ஏறாமல்.

நாற்பத்திரண்டு நாள் என்று எழுதிக் கொடுத்தாள்.
விடிந்ததும் வெறும் வயிற்றில் சிவப்பு.
காலையும் மாலையும் மஞ்சள், தின்றபின்,
கிண்ணம் நிறையத் தண்ணீரோடு.
விழுங்கிய உடனே படுக்காதே,
தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் சுட்டுப் புண்ணாக்கும்.
வெயிலில் தொப்பி.
கண் மஞ்சளித்தால் அன்றைக்கே வா.
பால்தேநீர் இரண்டு மணி நேரம் தள்ளி.

இந்தக் கடைசி வரியில்தான் வந்தது வினை.

எங்கள் கூடாரத்தில்
பேச்சுக்கு முன்னால் வரும் உப்புப் பால்தேநீர்.
முதல் கரண்டி வானத்துக்கு, அடுத்தது அவனுக்கு.
இப்போது வானம் குடித்துவிட்டது.
அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
கிண்ணத்தில் ஆடை படியப் படிய.

மூக்குப்பொடிக் குப்பியின் பட்டுப் பையில் கண்டெடுத்தேன்:
சிவப்பு மூன்று, மஞ்சள் ஆறு.
காய்ச்சல்தான் போய்விட்டதே என்றான்.
அடுத்த வசந்தத்துக்கு இருக்கட்டும் என்றான்.
தோல்கோருக்குப் பல் வீங்கியிருக்கிறது, அவளுக்கு இரண்டு என்றான்.
கடைசியில் தரையைப் பார்த்து,
"மூன்று நாள் தேநீர் சூடாக இருந்தது."

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நடந்தேன்.
"எத்தனை நாள் விட்டான்?"
மூன்று.
மறுமுனையில் யாரோ இருமினார்கள், கதவு சாத்தியது.
"விட்டதைச் சேர்த்து விழுங்கக் கூடாது.
இன்றைய வேளையை மட்டும் கொடு. நாளைக்குக் கூட்டி வா.
எப்போது முடியும் என்று நான் சொல்கிறேன், அவன் சொல்ல வேண்டாம்.
அந்தப் பல்வலிக்காரியையும் ஏற்றிக்கொள்.
அவளுக்கு வேறு மருந்தாக இருக்கும்."

திரும்பும் வழியில்
ஓநாயைப் பற்றி ஏதோ சொல்ல யோசித்து வைத்திருந்தேன்,
கண்ணில் படவில்லை என்றால் போய்விட்டதாக அர்த்தமா என்கிற மாதிரி.
வாசலுக்கு வந்ததும் மறந்துபோனது.
அடுப்பில் இருந்த தேநீரை ஃப்ளாஸ்க்கில் ஊற்றி
மூடியை இறுக்கித் திருகினேன்.
இரண்டு மணி நேரம் என்ன, ஐந்து மணி நேரம் தாங்கும்.
முதல் நாளே செய்திருக்கலாம்.
எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஜீப்பில் மூன்று பேர்.
உடைந்த ஜன்னல் வழியே காற்று.
அவன் காலர் ஓரத்தில் ஆரஞ்சாய் ஒரு சொட்டு.
"தூசி," என்றான்.
தோல்கோர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

ரத்தம் பார்த்து, நாள் கூட்டி எழுதினாள் டாக்டர்.

பனி உருகிவிட்டது.
கொட்டிலுக்குப் பின்னால் இப்போது வெறும் சேறு,
எந்த நிறத்தையும் காட்டாது.
நான் கேட்பதும் இல்லை.
விடியலில் போர்வைக்குள் கிடந்தபடி
காது மட்டும் எழுந்துகொள்ளும்:
தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.
கொஞ்சம் கழித்து, ரொட்டி நொறுங்குவது. மறுபடி தண்ணீர்.
பிறகு ஒன்றுமில்லை, வெகுநேரம்,
முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிற ஒருவனின் மூச்சு.
நான் பால் கறந்து திரும்பி, வாளியை இறக்கும்போது
ஃப்ளாஸ்க் மூடி
திருகித் திறக்கிறது.