வெள்ளிக்கிழமைக் கட்டில்

முகாமிலிருந்து அழுக்குத் துணி மூட்டையோடு
பதினோராம் மாடியில் இறங்குகிறேன்.
பூட்ஸைக் கழற்றும் முன்பே அம்மா கேட்கிறாள்:
"நீதான் வெளியே தங்கிப் பழகினவன், நீயே சொல்லு.
விடுதிப் பள்ளியா, இந்தப் பள்ளியா?"

இந்தப் பள்ளி என்றால்
எங்கள் அடுக்களை ஜன்னலில் தெரிவது.
காலையில் கொடியேற்றிப் பாடுவது
தோசைக்கல் வரை கேட்கும்.
நான் படித்தது அங்கேதான்.
மணி அடித்தபின் வீட்டை விட்டு ஓடி
வரிசை நேராகும் முன் நின்றிருக்கிறேன்,
வாயில் மிச்ச தோசையோடு.

விடுதிப் பள்ளி தீவின் மறுகோடியில்.
மறுகோடி என்ன பெரிய மறுகோடி,
இரண்டு ரயில், ஒரு பஸ்.
"இந்தத் தூரத்துக்கா பெட்டி கட்டுறது?
ஜொகூருக்கு முடிவெட்டப் போனாலே
பாலத்துல இதைவிட நேரமாகும்."
அப்பா சிரிக்கிறார்.
சிரித்துவிட்டு
உதவித்தொகைக் கடிதத்தை மறுபடி படிக்கிறார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

கவினா ஒன்றும் பேசவில்லை.
என் கட்டிலிலிருந்து
தன் தலையணையை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிறு இரவு முதல் அது அவள் கட்டில்.
வெள்ளி மாலை என்னுடையது.
யாரும் சட்டம் போடவில்லை.
நான் வந்ததும் அவளே எழுந்து கூடத்துக்குப் போவாள்,
மடிப்பு மெத்தையும் கதைப் புத்தகமுமாக.

சாட்சி சொல்ல வந்தவனுக்கே
வழக்கில் பங்கு இருக்கிறது.
அவள் போனால் அறை முழுதும் எனக்கு.
"போகட்டும்" என்று சொல்ல நா எழவில்லை.
"வேண்டாம்" என்றாலோ
அது நல்லவன் வேஷம்.

முகாமில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர்.
ஹஃபீஸ் தூக்கத்தில் தன் அம்மாவோடு சண்டை போடுவான்.
ஜுன் வெய்யின் காலுறைக்குத் தனி வீடு வேண்டும்.
முதல் வாரம்
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
வீட்டில் சொன்னதில்லை.
எனக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது.
அவளுக்குப் பன்னிரண்டு.
பல்லியைப் பார்த்தால் இன்னும் முகாமுக்கு போன் பண்ணுகிறாள்.

அன்றிரவு கூடத்தில் நான் படுத்தேன்,
"முதுகு வலி, தரைதான் நல்லது" என்று பொய் சொல்லி.

பதினொன்றுக்குப் பக்கத்து வீட்டு மாஜோங்.
பன்னிரண்டரைக்கு ஃபிரிட்ஜ் இருமியது.
இரண்டு மணிக்கு யாரோ மாடி மாறி இறங்கி
எங்கள் கதவை நெடுநேரம் திறக்கப் பார்த்தார்கள்.
நாலே முக்காலுக்கு அப்பா,
தண்டவாளம் சரிபார்க்கும் வேலை முடிந்து.
சாவிக்கொத்து சத்தம் போடாமலிருக்க
அதைக் கைக்குட்டையில் சுற்றியிருந்தார்.
இருட்டில் மெத்தையைப் பார்த்து மெல்ல,
"போர்வை போதுமாம்மா?"

அவள் குரலில் "ம்" என்றேன்.

காலையில் பல் துலக்கியபடி கவினா கேட்டாள்:
"முகாம்ல விளக்கை யார் அணைப்பாங்க?"
"சார்ஜென்ட். பத்தரைக்கு."
"நீ எப்போ தூங்குவே?"
"பதினொன்று ஆகும்."
"அந்த அரை மணி நேரம்?"
"சும்மா இருட்டைப் பார்த்துக்கிட்டிருப்பேன்."
"அது உன் இருட்டா, எல்லாருக்கும் பொதுவா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

படிவத்தில் ஆறு கட்டங்கள்.
ஐந்தை அம்மா நிரப்பிவிட்டாள்.
முதலாவது காலி.
திங்கள் மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டும்,
அப்போது நான் எங்கோ புதரில் படுத்திருப்பேன்.

ஞாயிறு இரவு வாசலில் பூட்ஸ் கட்டும்போது
"எதுவானாலும் பரவாயில்ல, அறை..." என்று தொடங்கினேன்.
"விடுதிப் பிள்ளைங்களும்
வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவாங்களாம்" என்றாள்.

லிஃப்ட் நாலாம் மாடியைத் தாண்டும்போதுதான்
எனக்குக் கணக்கு புரிந்தது.
வாரமெல்லாம் அம்மா தூசி தட்டும் ஒரு கட்டில்.
வெள்ளியன்று
அதற்கு இரண்டு பேர்.