மாதிரி நாடா

புந்தா அரேனாஸ். வரியில்லாப் பொருள் வளாகம்.
காற்று கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரப் பார்க்கிறது.
வந்ததும் யாஸ்னா வயிற்றைக் கண்ணாடிப் பெட்டிமேல் சாய்த்தாள்,
கனத்த பையை இறக்கி வைப்பவள்போல.
முப்பத்தாறு வாரம் என்றாள், நான் கேட்காமலே.
நிபால்தோ நண்டு ஆலையிலிருந்து நேரே வந்திருந்தான்.
மடித்த தாளில் விலைகள்,
இரண்டு கடைகளின் பெயரை அடித்திருந்தான்.

"ஒன்றுதான் கட்டுப்படியாகும்.
நிற்கிற படமா, ஓடுகிற படமா,
நீங்களே சொல்லுங்கள்."

பதினோரு வருடமாக இதைத்தான் விற்கிறேன்.
பெட்டிமேல் எண்ணூறு மடங்கு என்று எழுதியிருக்கும்,
நிலாவைப் பார்க்கலாம்.
பிள்ளை முழத் தூரத்தில் அல்லவா கிடக்கும்?
எத்தனை மெகாபிக்சல் என்று கேட்காதவர் இல்லை.
கொட்டாவி தொடங்கும்போது அழுத்தினால்
விழுவது கொட்டாவியா, மூடிய வாயா
என்று யாரும் கேட்டதில்லை.
யாஸ்னா கேட்டாள்.
"ஃபிளாஷ் போடாமல் எடுக்குமா?
ஜூனில் பகலே ஏழரை மணி நேரம்தான் இங்கே" என்றும் கேட்டாள்.

கேம்கார்டரைக் கையில் கொடுத்தேன்.
அவள் அவன் பக்கம் திருப்பினாள்.
அவன் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றான்.
"அசையலாம், இது ஓடுகிறது."
கையைத் தூக்கினான். என்ன சொல்வதென்று தெரியாமல்,
அவள் முகத்தைப் பார்க்காமல்,
கொஞ்சம் கீழே பார்த்து,
"நான்தான்" என்றான்.

அந்த நேரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால்
மாதக் கணக்கில் ஒரு விற்பனை கூடியிருக்கும்.
ஆனால் என் வீட்டு அலமாரியில்
ஒரு செருப்புப் பெட்டி நிறைய நாடாக்கள்.
ஓட்டும் கருவி செத்து நாலு வருடம்,
அந்த மாடலுக்கு இனி உதிரிபாகம் வராதாம்.
முதல் அடி எப்படி வைத்தேன் என்று மகள் கேட்டால்
பெட்டியைத் திறந்து காட்டுகிறேன்.
அவளும் எட்டிப் பார்க்கிறாள், பாவம்.

சொல்லிவிட்டேன்.
மேலாளர் அங்கிருந்து ஒரு பார்வை பார்த்தார்.

சின்ன கேமரா ஒன்றை எடுத்தார்கள்.
அரை நிமிடம் ஓடுகிற படமும் எடுக்கும், கரகரத்த ஒலியோடு.
மிச்சப் பணத்துக்கு மெமரி கார்டு,
இரண்டு ஜோடி பேட்டரி.
"ஒரு ஜோடி பிரசவத்தன்று தீர்ந்துதான் இருக்கும்,
பார்த்துக்கொண்டே இருங்கள்" என்றேன்.
அரை நிமிடத்தில் என்ன தெரியும் என்றான் நிபால்தோ.
அழுகை அதற்குமேல் போனால்
கேமராவைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கு என்றாள் அவள்.

கடை சாத்துமுன் மாதிரி நாடாவை அழிக்க வேண்டும், விதி.
பின்னோக்கி ஓட்டினேன்:
ஒரு மாலுமி பல்லைக் காட்டுகிறான்,
இரண்டு சகோதரிகள் சண்டை போடுகிறார்கள்,
எவரோ ஒருவர் பணத்தை எண்ணி எண்ணிப் பார்த்து நகர்கிறார்.
யாரும் வாங்கவில்லை.
பிறகு தூக்கிய கையோடு அவன்.
அவள் எங்கும் இல்லை,
சிரிப்பு மட்டும். சிரித்ததில் படம் குலுங்குகிறது.

நாடாவின் முதுகிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தினேன்.
இனி மேலே எதுவும் பதியாது.
சிக்கிக்கொண்டது, புதியது தாருங்கள் என்று
மேலாளரிடம் பொய் சொன்னேன்.

வந்தால் கொடுப்பேன்.
ஓட்டிப் பார்க்க இந்தக் கடைக்குத்தான் வரவேண்டும்,
பிள்ளையையும் தூக்கிக்கொண்டு.